கோழிப்பண்ணை ஐஸ் பெட்டி

என் மேஜைக்கு அடியில் ஒரு பழைய தெர்மோகோல் பெட்டி கிடக்கிறது. கோழிகளுக்கான தடுப்பு மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவரும் பெட்டி. பிளாஸ்டிக் சர்ஜன் அறையில் இதற்கென்ன வேலை என்று கேட்பவர்களிடம் சிரித்து மழுப்பிவிடுவேன்.

தொண்ணூறுகளில் கோவையில் பயிற்சியில் இருந்தேன். தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயைத் தைக்கப் பழகியிருந்த காலம், தலைக்கனத்துக்குக் குறைவில்லை. ஒருநாள் காலை வார்டு போனை நான்தான் எடுத்தேன். பல்லடத்திலிருந்து ஒரு பெண். பனியன் துணி வெட்டும் மெஷினில் தம்பியின் கட்டைவிரல் துண்டாகிவிட்டது என்றார். "விரலை ஐஸ்ல போட்டு சீக்கிரம் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினேன். விரலை ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து செத்துவிடும். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அக்கா கோழிப்பண்ணையில் வேலை செய்தவர். பண்ணைக்கு ஓடிப் பெட்டியை எடுத்து, நான் சொன்னது சொன்னபடி விரலை ஐஸுக்குள் புதைத்துக் கொண்டுவந்தார். வெட்டு சுத்தமாகத்தான் இருந்தது. விரல்தான் வெளுத்து, உறைந்து விறைத்திருந்தது. எங்கள் சீஃப் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டினார். ஐந்து மணி நேரம் தைத்தோம். மூன்றாம் நாள் விரல் கறுத்தது, எடுத்துவிட்டோம்.

கட்டைவிரல் இல்லாதவனை யார் மெஷினில் நிறுத்துவார்கள் என்பது தம்பியின் கவலை. அக்காவின் கவலை வேறு.

"ஏனுங்க டாக்டரு, நான் பண்ணைக்குப் போயிட்டு வந்ததுல லேட்டாயிப் போச்சுங்களா? நாந்தான் கெடுத்துப்போட்டனுங்களா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. "அதெல்லாம் இல்லீங்க, நரம்பு ரொம்ப நசுங்கிப் போச்சு" என்றேன். அவர் நம்பவில்லை.

"அக்காகிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க சார், ரெண்டு நாளாச் சோறே உங்கலீங்க" என்றான் தம்பி. தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஊருக்குக் கிளம்பிய அன்று அக்கா பெட்டியைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தார். "பண்ணையில கேட்டுட்டனுங்க. வேற யாருக்காச்சும் ஆகட்டுமுங்க. அவங்களாச்சும் லேட்டில்லாம வரட்டும்."

இன்று என் மாணவர்கள் போனில் பேசும்போது பக்கத்தில் நிற்பேன். துணி, கவர், அப்புறம் ஐஸ். எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்க விடமாட்டேன். பிடிவாதக்காரன் என்கிறார்கள். பல்லடம் ஒரு மணி நேரப் பயணம்தான். இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட அந்த அக்காவைத் தேடிப் போகவில்லை. பெட்டியைத் தூசு தட்டி மறுபடி மேஜைக்கு அடியில் தள்ளிவைக்கிறேன். தம்பியின் கை கண்ணில் படும்போதெல்லாம், தான் தாமதமாக வந்ததாகவே அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.