பெரியக்கா இருக்கும் அறை

பல்செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு மௌனசாமி என்று பேர். கூடத்து முதலாளி வைத்தது. மெழுகில் பல் வரிசை பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊர்ப்பட்ட வாய்களுக்குப் பல் கட்டிக் கொடுத்தவளுக்குத் தன் வாய் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. திக்குவாய். முதல் எழுத்திலேயே தாடை இறுகும், கண் செருகும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் நிற்பவர் பாவம் பார்த்து, அவள் சொல்ல வந்ததைத் தானே சொல்லி முடிப்பார், அதுவும் தப்பாக. அவளும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். இப்படியே வேண்டாத சாமான் எத்தனையோ வாங்கிச் சேர்த்திருக்கிறாள்.

தம்பி வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்ட பிறகுதான் அவள் பேச ஆரம்பித்தாள். இன்டர்நெட் அப்போதுதான் வீடுகளுக்கு வந்திருந்தது. போன் ஒயரைச் செருகிவிட்டு உட்கார்ந்தால் சாட் ரூம். சினிமாவுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, சண்டைக்கென்றே நாலைந்து. அவள் திக்குவாய்க்காரர்களுக்காக ஒன்றைத் திறந்தாள். தன் பெயரைப் பெரியக்கா என்று வைத்துக்கொண்டாள். அங்கே அவள் வாயாடி. கிண்டலென்ன, அதட்டலென்ன, வீட்டில் தம்பி பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பான்.

அறைக்கு அவள் போட்ட முதல் சட்டம், இங்கே யாரும் யாருக்கும் போன் செய்யக் கூடாது, குரலைக் கேட்கக் கூடாது என்பது. போன் மணி அடித்தாலே பாத்ரூமுக்குள் ஓடி ஒளிகிற ஜனங்கள் அதைப் படித்துவிட்டு அழுதார்கள். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். குரலே கேட்காத இடத்தில் யாரும் யாராகவும் இருக்கலாம் என்பது மட்டும் அந்த மரமண்டைக்கு ஏறவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அறையை நடத்துகிறவர் பெயர் உள்ளே இல்லாத நேரம் பார்த்து வேறு எவனாவது நுழைந்து அறையைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு தடவை அப்படித்தான் சில பொறுக்கிகள் பிடித்து, ஒவ்வொரு எழுத்தையும் நாலு தடவை தட்டி எல்லாரையும் பழித்துக் காட்டினார்கள். அறையை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு பெரியக்கா என்ற பெயர் உள்ளே இல்லாத நேரமே இருக்கக் கூடாது என்று முடிவானது. அவள் வேலைக்குப் போகிற, தூங்குகிற நேரத்தில் பழைய ஆட்கள் இரண்டு பேர் முறை வைத்து அவள் பெயரில் உட்காருவார்கள். ஒருவர் வாத்தியார், இன்னொருவர் கப்பல்காரர். அப்படித்தான் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். பாஸ்வேர்டை இருவருக்கும் கொடுத்திருந்தாள். வீட்டுச் சாவியைக் கூட அவள் யாரிடமும் அப்படிக் கொடுத்ததில்லை.

அன்று கூடத்தில் மோட்டார் புகைந்துபோய், மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியக்கா பெயரில் வேறு யாராவது இருந்தால் அவளை உள்ளே விடாது. ஆனால் உடனே விட்டது. காவலுக்கு இருக்க வேண்டியவரைக் காணோம். திட்டலாம் என்று பார்த்தால் இருவரில் யாருமே இல்லை. அந்த நேரம் தும்பியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. தும்பி என்ற பெயரில் வருகிறவள் இவளுடைய ஊர்ப் பெண்தான், பத்தொன்பது வயது. வீட்டில் வாயைத் திறந்தால் அப்பா கையை ஓங்குகிறவர்.

"பெரியக்கா, நீங்க சொன்ன மாதிரியே வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. நாலு மணிக்கு பெரிய பஸ் ஸ்டாண்ட், பழக்கடை ஓரம், பச்சைப் பை. இனிமே உங்க கூடவே இருக்கலாம்ல?"

"நான் எதுவும் சொல்லல, போகாதே" என்று இவள் தட்டுவதற்குள் தும்பி அறையை விட்டுப் போய்விட்டாள்.

இத்தனை நாளாகத் தன் பெயரில், தன் பாசத்தில், தன் கிண்டலில் வேறு யாரோ அந்தப் பெண்ணைக் கொஞ்சிக் கொஞ்சி வெளியே இழுத்திருக்கிறார்கள். தும்பி எப்போதோ அப்பாவின் கடை நம்பரைக் கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் போனில் செருகி, தன் சட்டத்தைத் தானே மீறி அந்த நம்பரைச் சுழற்றினாள். "யாருங்க?" என்றது ஒரு முரட்டுக் குரல். உங்க பொண்ணு என்று ஆரம்பிக்க வேண்டும். முதல் எழுத்திலேயே தாடை பூட்டிக்கொண்டது. மூச்சு மட்டும் போனது. "எவடி அது, மூச்சு விட்டு விளையாடறது?" என்று அவர் போனை அறைந்து வைத்தார். மறுபடி சுழற்றினாள், ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார் போல, லைன் கிடைக்கவே இல்லை. அவளுக்குத் தன் வாயைத் தானே அறைய வேண்டும் போல இருந்தது.

செருப்பு மாற்றிப் போட்டிருப்பது கூடத் தெரியாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பழக்கடை ஓரத்தில் பச்சைப் பை நின்றது, ஆனால் அதைப் பிடித்திருந்தது ஒரு ஆணின் கை. இஸ்திரி கலையாத சட்டை, சாந்தமான முகம். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், அவனோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். இவள் குறுக்கே போய் நின்றாள்.

"யாரும்மா நீங்க, வழி விடுங்க," என்றான் அவன், ஒரு எழுத்து கூடப் பிசகாமல். பிறகு பெண்ணைப் பார்த்து, "வாம்மா, பெரியக்கா கார்லயே இருக்காங்க. நேரமாகுதுன்னு சொன்னாங்க."

இவள் வாயைத் திறந்தாள். நான்தான் பெரியக்கா. சின்ன வார்த்தைதான். வரவில்லை. தாடை இழுத்தது, கண் செருகியது. பழம் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வலிப்பு என்று நினைத்து நகர்ந்துகொண்டார்.

தும்பி மட்டும் நகரவில்லை. அந்த முகத்தை அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவள். அதை யாராலும் நடிக்க முடியாது.

"பெ... பெ... பெரியக்கா?" என்றாள்.

அவன் பையை மெதுவாகக் கீழே வைத்தான். ஓடவில்லை. பஸ்ஸுக்கு நேரமானவன் போல நடந்து கூட்டத்தில் கலந்துவிட்டான். வாத்தியாரா, கப்பல்காரரா, அவர்கள் அனுப்பிய ஆளா என்று கேட்க இவளுக்கு வாயும் இல்லை, நேரமும் இல்லை. பெண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்பா கடையை மூடி வருவதற்குள் தும்பியை வீட்டில் விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். பாஸ்வேர்ட் தப்பு என்றது. மறுபடி தட்டினாலும் அதே பதில். வேறு ஒரு பெயரில் நுழைந்தாள். அறை நிறைய ஆட்கள். வாத்தியார் இல்லை, கப்பல்காரர் இல்லை. பெரியக்கா இருந்தாள், பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய அதே அதட்டல், அவள் மட்டுமே சொல்கிற அந்தச் செல்லத் திட்டு. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான்தான் பெரியக்கா, அது நான் இல்லை, நம்பாதீர்கள் என்று எழுதினாள். பொறுக்கிகள் மறுபடி வந்துவிட்டார்கள் என்று யாரோ எழுத, பத்துப் பேர் அவளை ஏசினார்கள். வெளியே தூக்கிப் போட்டார்கள். இன்னொரு பெயரில் போனாள். அதையும் தூக்கிப் போட்டார்கள். மூன்றாவது தடவை எதையும் எழுதாமல் ஓரமாக நின்று படித்தாள். யாரோ ஒரு புதுப் பெண் தயங்கித் தயங்கி வணக்கம் சொல்லியிருந்தாள்.

"வாடி தங்கம்," என்று எழுதினாள் பெரியக்கா. "எந்த ஊரு நீ? வீட்டுல உன்கூட யார் யார் இருக்காங்க?"