காதுக்காரரின் சைக்கிள்

சைக்கிள் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கைக் கழற்றியதும், அதை முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். பழைய கிரீஸ் வாடை அடித்தால் தலையாட்டுவார்; அடிக்காவிட்டாலும் தலையாட்டுவார். இரண்டு தலையாட்டலுக்கும் வித்தியாசம் உண்டு என்பது அவர் நம்பிக்கை. பிறகு, மயக்கம் தெளியாத நோயாளியைக் கிடத்துவதுபோல அதைப் பழைய துண்டின்மேல் மெல்லக் கிடத்திவிட்டு, சைக்கிளின் அடிவயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். கிராங்க் சுழலும் அச்சும், அந்த அச்சைத் தாங்கும் இரும்புக் குண்டுகளும் குடியிருக்கும் குழாய் அது. ஊரார் பிராக்கெட் என்பார்கள். இவர் மட்டும் 'உட்செவி' என்பார்.

தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். காது மந்தமானவர்களுக்குக் கருவி விற்கும் கடையில், சத்தம் புகாத ஒரு சிற்றறையின் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இருப்பவருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சோதித்துச் சொல்வது வேலை. யாராவது "டாக்டர் சார்" என்று கூப்பிட்டால், "நான் டாக்டர் இல்லீங்க" என்று திருத்திவிடுவார். கேட்க வந்ததற்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகுதான் திருத்துவார்.

சைக்கிளை மெக்கானிக்கிடம் விடுவதில்லை. "அவங்க சுத்தியலால அடிக்கிறாங்க. காதுக்குள்ள யாராவது சுத்தியல விடுவாங்களா?" என்பது அவர் வாதம். அதற்காக அவரிடம் சுத்தியல் இல்லாமல் இல்லை. கிராங்கை அச்சோடு பிணைத்திருக்கும் ஆணி அசைய மறுத்தால், சுத்தியல் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு மெக்கானிக்கைவிடப் பலமாக அடிப்பார். அது அடி இல்லையாம், தட்டு. குண்டுகள் உட்காரும் வலப்பக்கத்துக் கிண்ணம் எதிர்த்திசையில் திருகினால்தான் கழலும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் முழு பலத்தோடு தவறான திசையில் இறுக்கி, முகம் சிவந்த பிறகு தெரியும்.

காதில் அழுக்கெடுக்கும் சின்னக் கரண்டியால் மரையிலுள்ள பழைய கிரீஸைச் சுரண்டுவார். மனைவி மூன்றாம் வகுப்பு டீச்சர். கடைசி பெஞ்சில் பென்சில் முனை உடைந்தால்கூடத் திரும்பிப் பார்க்கிறவர்.

"ஏங்க, அத மறுபடி யார் காதுலயாவது விட்டுடாதீங்க."

"சுடுதண்ணியில போட்டுக் கழுவிடுவேன்."

"எதுக்கு முன்னாடி? காதுக்கு முன்னாடியா, சைக்கிளுக்கு முன்னாடியா?"

இந்த மாதிரிக் கேள்விகள் அவருக்கு விழுவதில்லை. அது வேறு வகைச் செவிட்டுத்தனம், எல்லாக் கணவன்மாருக்கும் உள்ளது.

பிராக்கெட்டைத் திறப்பது முன்பெல்லாம் ஆண்டுக்கொரு சடங்காக இருந்தது. இப்போது ஞாயிறுதோறும் நடக்கிறது. காரணம் டீச்சர்தான். கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த அச்சைக் காதுக்காரர் இறுக்கி, புது கிரீஸ் அப்பி, பெருமையோடு ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, வாசலிலேயே டீச்சர் சொன்னார்.

"கடகட போயிடுச்சு. கீச்சுக் கீச்சு இன்னும் இருக்கு."

"கீச்சுன்னு ஒண்ணும் இல்லையே."

"கோழிக்குஞ்சு மாதிரி கத்துதுங்க."

"உனக்குக் காது ரொம்பக் கூர்மை. அதுவும் ஒரு கோளாறுதான், தெரியுமா? எங்ககிட்ட அதுக்கும் ஆளுங்க வர்றாங்க."

கீழ் வீட்டுத் தையற்காரர் இதையே வேறு விதமாகச் சொன்னார். "சார் வர்றது தெருமுனையிலயே தெரிஞ்சிடும். உங்களுக்கு பெல்லே வேணாம் சார்!" காதுக்காரர் இதைத் தன் மதிப்புக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு, அன்று முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

அடுத்த ஞாயிறு குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து டீச்சர் குரல் வந்தது. "குண்டு ஒண்ணு ஃப்ரிட்ஜுக்கு அடியில உருளுது பாருங்க."

"எல்லாம் கிண்ணத்துலதான் இருக்கு" என்றார் இவர். எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. தரையோடு தரையாகப் படுத்து, துடைப்பக் குச்சியை விட்டுத் துழாவி எடுத்தார். எடுத்தவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்தே இருந்தார்.

கடைக்கு வரும் பெரியவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "எனக்கு நல்லாத்தான் கேக்குது. இவங்கதான் வாய்க்குள்ளயே பேசுறாங்க." இதை அவர் சாப்பாட்டு மேசையில் குரல் மாற்றி நடித்துக் காட்டினால் டீச்சர் வயிறு குலுங்கச் சிரிப்பார். கூட்டிவந்த மகனுக்கோ மருமகளுக்கோ இவர் பொறுமையாக விளக்குவார். "மொத்தமா ஒரே நாள்ல போயிடாதுங்க. மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். குருவி போகும், அப்புறம் கொசு." கொசு போனால் நல்லதுதானே என்று அவர்கள் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார்.

காலையில் முதல் ஆள் வருவதற்கு முன், சோதனை மெஷினின் ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு, தடித்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலிவரை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பது கடையின் விதி. மெஷினுக்குச் சாட்சி அவர் காது. சம்பளமும் அந்தக் காதுக்குத்தான். போன மாதம் ஒருநாள் கடைசி இரண்டு ஒலிகள் வரவில்லை. கம்பெனிக்கு போன் போட்டு, மெஷின் பழுது என்றார். ஓர் இன்ஜினியர் பெண் வந்தார். மீட்டர் வைத்தார், மூடியைத் திறந்தார், மூடினார்.

"மெஷின் நல்லா இருக்கு சார்."

"இல்லம்மா. மேல ரெண்டும் வரல."

அந்தப் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாகக் கழற்றினார். "வருதே சார்" என்றவர், காதுக்காரர் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினார்.

அன்று இரவு சாப்பிடும்போது காதுக்காரர், "இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு மீட்டர் காட்டுறதுதான் வேதம்" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து காலைச் சோதனையை அவர் கடைசி இரண்டு ஒலிகளுக்கு முன்பே முடித்துக்கொள்கிறார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒருநாள் அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டியிருக்கும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், அதை முழுதாக நினைத்து முடிக்காமல், கடைவீதிக்குப் போய் இன்னொரு டப்பா கிரீஸ் வாங்கி வருகிறார்.

இந்த ஞாயிறும் பிராக்கெட் திறந்தது, மூடியது. சைக்கிளைப் பால்கனிக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, பெடலைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, "வா, வந்து கேளு. பேச்சு மூச்சு இல்ல" என்று கூப்பிட்டார்.

டீச்சர் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து குந்தினார். கிராங்கை நிறுத்தி, இடப்பக்கத்துப் பெடலை மட்டும் விரலால் தட்டிவிட்டார். "பிராக்கெட்டே இல்லங்க. இதுதான் கத்துது. கேக்கல?"

"கேக்காம என்ன?"

"அப்ப உக்காருங்க. நான் சுத்துறேன். கத்தும்போது சொல்லுங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். டீச்சர் பெடலை மெதுவாகச் சுற்றினார்.

"ம்" என்றார் காதுக்காரர். சரியாக இருந்தது. இன்னொரு சுற்று. "ம்." அதுவும் சரி. அதற்கடுத்ததும் சரி.

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, கேக்குதா உங்களுக்கு! நான் என்னென்னவோ நெனச்சுப் பயந்துட்டேன்."

"சின்னச் சத்தம். அதான் பெருசு பண்ணல."

ஆனால் மூன்றாம் வகுப்பில் எத்தனையோ வருடம் காப்பியடிப்பவர்களைப் பார்த்த கண் அது. இவர் பார்வை பெடல்மேல் இல்லை, தன் முகத்தின்மேல் இருக்கிறது என்று டீச்சருக்கு உறைத்தது. பெடலை உள்ளங்கையால் மறைத்து, அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, கீச்சென்ற சத்தம் கூசினால் எப்படிச் சுருங்குமோ அப்படிக் கண்ணைச் சுருக்கினார்.

"ம்" என்றார் காதுக்காரர்.

டீச்சர் கையை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "நான் சுத்தவே இல்லங்க" என்றார்.

கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அது தடித்த சத்தம், இருவருக்கும் கேட்டது.

சோதனைக்கு வருகிறவர்கள் செய்யும் தந்திரம்தான் இது. ஒலியைக் கேட்பதற்குப் பதில், சோதிப்பவரின் விரலையும் புருவத்தையும் பார்த்துக் கேட்டதாகச் சொல்லிவிடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்றில்லை, பயம். அதனால் அவருடைய அறையில் வந்தவர்களின் நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போடப்படுவதில்லை.

காதுக்காரர் விரல்விரலாகக் கிரீஸைத் துடைத்தார். எழுந்தார். "இப்ப சுத்து" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, மனைவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.