ஆயிரத்து முன்னூறு வெள்ளணுக்கள்

1. வறண்ட மஜ்ஜை

ராஜேஸ்வரியின் ரத்தத்தை முதல் தடவை எண்ணியபோது நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். எண்ணும் கண்ணாடிச் சேம்பரைக் கழுவித் துடைத்து, புது சாம்பிள் போட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அதே அறுநூறு. நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துக்கு வெள்ளணுக்கள் நாலாயிரத்துக்குக் குறையாது.

எழுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். ராஜேஸ்வரிக்கு வயது இருபத்திரண்டு. சின்ன காஞ்சிபுரத்துக்காரி. கணவன் ஏகாம்பரம் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரையை உடலோடு இணைக்கும் கோர்வை வாங்குகிறவள். காய்ச்சல் என்று போனபோதெல்லாம் ஒரு மருந்துக்கடைக்காரர் குளோரம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் கேப்ஸூலைக் கை நிறையக் கொடுத்திருக்கிறார். மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறாள். அதில் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையே வறண்டுவிட்டது.

எங்கள் லேடி டாக்டர் சின்ன வயசு, நிறையப் படிக்கிறவர். அவர்தான் எனக்கு விளக்கினார்.

“வெளிநாட்டுல இதுக்குக் கூடப்பொறந்தவங்க மஜ்ஜைய எடுத்து ஏத்தறாங்களாம். ஏத்தினாலும் உடனே ஆள் பொழைச்சிட மாட்டாங்க. புது செல்லு ஊறி வர்ற வரைக்கும் ஒரு சளி புடிச்சாக்கூட போதும், உயிர் போயிடும். அதுவரைக்கும் காப்பாத்தறது தனி ரூமும் கழுவின கையும்தான். நம்மகிட்ட மஜ்ஜை ஏத்தற வசதி கிடையாது. ரூமும் சோப்பும் இருக்குதே, அதையாவது ஒழுங்கா செய்வோம்.”

செய்தோம். கேப்ஸூலை நிறுத்தி, ரத்தம் ஏற்றி, இருந்த ஒரே தனி அறையில் அவளை வைத்தோம். கோயில் பிரசாதம்கூட உள்ளே போகவில்லை. ஏகாம்பரம் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவான். நான்கு வாரத்தில் எண்ணிக்கை தொள்ளாயிரம், ஆயிரத்து நூறு, ஆயிரத்து முன்னூறு என்று ஏறியது. மஜ்ஜை விழித்துக்கொண்டது என்றார் டாக்டர். அந்தத் தைரியத்தில் தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவில் போனார்.

2. இரண்டு கோடு

மறுநாளே சூப்பரின்டென்டென்ட் என்னைக் கூப்பிட்டார். ஊரில் பெரிய ஜவுளி முதலாளி ஒருவரின் மச்சானுக்கு ஹெர்னியா ஆபரேஷன். அவருக்குத் தனி அறை வேண்டுமாம்.

“அந்தப் பொண்ணு கவுண்ட் நார்மல்னு ஒரு ரிப்போர்ட் குடும்மா. வார்டுக்கு மாத்திடலாம்.”

“ஆயிரத்து முன்னூறுதான் சார் இருக்குது.”

“ஒன்ன நாலாக்கறதுக்கு ரெண்டு கோடு போதும்மா. நாலாயிரத்து முன்னூறு. இன்னா கொறஞ்சிடப் போவுது?”

“நான் எழுத மாட்டேன் சார்.”

“எண்றது மட்டும்தான் உன் வேல. போய் எண்ணு.”

நான் எழுதவில்லை. கூட வேலை பார்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே ராஜேஸ்வரியைப் பொது வார்டில், நிமோனியாவில் இருமிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். நான் வார்டு வாசல்வரை போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து மீதி சாம்பிள்களை எண்ணினேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் செத்துப்போனாள். கேஸ் ஷீட்டில் ‘நிமோனியா’ என்று ஒரே வார்த்தை எழுதி முடித்தார்கள். மச்சான் தையல் பிரித்து நடந்து வீட்டுக்குப் போனார்.

3. ஏகாம்பரம் கேட்டது

பத்து நாள் கழித்து ஏகாம்பரம் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தான்.

“நாலாயிரத்துக்கு மேல ஏறிடிச்சி, இனிமே பயமில்லன்னு சொல்லித்தாம்மா வார்டுல போட்டாங்க. அப்புறம் எப்படிம்மா செத்தா?”

என் ரிஜிஸ்டரைத் திறந்து ஆயிரத்து முன்னூறைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

“உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்பா.”

“நான் வாசல்லதானேம்மா நின்னுக்கினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவள ஊட்டுக்குத் தூக்கிக்கினு பூட்டிருப்பேனே. ஒரு ரூம கழுவி வெக்க எனக்குத் தெரியாதா?”

லீவு முடிந்து வந்த லேடி டாக்டரும் நானும் மேலிடத்துக்கு எழுதினோம். விசாரணை வரவில்லை, எனக்கு மெமோ வந்தது. டாக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சூப்பரின்டென்டென்ட் மாலை மரியாதையோடு ரிடையர் ஆனார். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்மேல் மட்டுமல்ல. பொய் எழுத மறுத்ததோடு என் கடமை தீர்ந்தது என்று சீட்டில் போய் உட்கார்ந்தேனே, அந்த என்மேலும்தான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, சரியாக எண்ணுவது பாதி வேலைதான். அந்த எண் யார் உயிரைப் பற்றியதோ, அவர்கள் காதில் அதைப் போடும்வரை மைக்ராஸ்கோப் முன்னால் மறுபடி உட்காராதீர்கள். மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அப்படிச் சொன்னதற்காக எனக்கு நாலு வந்தது.