எழுபத்தாறு கட்டைக்கு ஒரு பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ரயில் புறப்பட்டபோது என் கீபோர்ட்டுக்கு ஜன்னலோர இருக்கையும் எனக்கு அதன் பக்கத்து இருக்கையும் இருந்தன. ஒரு இருக்கை 2,200 ரூபாய். டிக்கெட் பரிசோதகர் வந்து, போர்வையால் சுற்றிக் கட்டியிருந்த அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், இரண்டு டிக்கெட்டிலும் துளை போட்டுவிட்டுப் போனார்.

போர்வை போதாது என்பதால்தான் இந்தப் பயணம். போன வருடம் மட்டக்களப்பில் ஒரு கோயில் திருவிழா முடிந்து வந்த வழியில், வேனுக்குள் ஸ்பீக்கர் பெட்டி சரிந்து கீபோர்ட்டின் மேல் விழுந்தது. மூன்று கட்டைகள் உடைந்தன. நான்கு மாதம் அந்த மூன்று சுரங்களையும் தவிர்த்துத் தவிர்த்து வாசித்தேன். கேட்டவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாசித்த விரலுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் இசைக்குழுவுக்கு ஐரோப்பாவில் மூன்று நகரங்களில் நிகழ்ச்சி வந்திருந்தது. குழுவை நடத்துபவர் பரமண்ணை. அவருடன் பதினேழு வருடங்களாக வாசிக்கிறேன். விமானத்தில் போகிற சாமான், நல்ல பெட்டி வேண்டும், நீயே போய்ப் பார்த்துச் செய்வித்துக்கொண்டு வா என்று அவர்தான் அனுப்பினார். விசாவுக்கான என் பத்திரங்களும் பாஸ்போர்ட்டின் பிரதியும் இரண்டு மாதமாக அவரிடம் இருந்தன. கொழும்பில் நிற்கும்போதே விரல் அடையாளம் கொடுக்கக் கூப்பிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார்.

பிற்பகல் 1.50. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து வெள்ளவத்தை எட்டுக் கிலோமீற்றர். பஸ் நடத்துநர் கீபோர்ட்டைக் கண்டதும் கையை விரித்துவிட்டார். ஓட்டோவில் 850 ரூபாய் கொடுத்துப் போனேன். காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் லொட்ஜ். நாளுக்கு 4,500. அங்கே தங்கியிருந்த அநேகர் என்னைப்போல வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டுப் பத்திரங்களுக்காகக் காத்திருப்பவர்கள். காலையில் கோப்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்கள், மத்தியானம் அதே கோப்புகளுடன் வருவார்கள். எந்த நாடு என்றுதான் ஒருவரையொருவர் முதலில் விசாரிப்பது. என்னைக் கேட்டவர்களுக்கு நானும் சொன்னேன். சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை மறைப்பதற்கில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைகள் பார்க்கத் தொடங்கினேன். வெள்ளவத்தையில் ஒரு வாத்தியக் கடையில் இறக்குமதி செய்த பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. விலை 1,64,000. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூடியின் பூட்டும் பிளாஸ்டிக். ஒரு விமான நிலையத்தைத் தாண்டும், இரண்டாவதில் கழன்றுவிடும். அதே கடையில் பஞ்சு வைத்த துணிப்பை 14,500. அது மழைக்கும் தூசிக்கும் சரி, விமான நிலையத்தில் சாமானை எறிபவர்களுக்குச் சரிவராது.

அங்கிருந்து பஸ் ஏறி நுகேகொடை போனேன். கடைக்காரர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார்: அறுபத்தொரு கட்டைக்குப் பெட்டி உண்டு, எண்பத்தெட்டுக்கு உண்டு. என்னுடையதுபோல எழுபத்தாறுக்கு இங்கே யாரும் செய்வதில்லை. பெரியதில் சின்னதை வைத்தால் உள்ளே ஓடி ஓடி அடிபடும். கோட்டாஞ்சேனையில் பலகையில் பெட்டி செய்யும் ஒருவர் இருக்கிறார், அளவுக்குச் செய்து தருவார் என்று அவரே ஒரு துண்டில் வழியை எழுதித் தந்தார்.

திரும்பி வெள்ளவத்தைக்கு வந்து சாப்பிட்ட பிறகு, எதிரே இருந்த உடுப்புக் கடையில் தடித்த கோட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 32,000. வெளிநாடு போகிறவர்களுக்காகவே அங்கே ஒரு மூலை முழுக்கக் குளிர் உடுப்பு. கோட், சப்பாத்து, கம்பளிச் சட்டை எல்லாவற்றுக்குமாக 75,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். வெக்கையில் கழுத்து வியர்த்து ஓடியது. கண்ணாடியில் தெரிந்தவனை எனக்குப் பிடித்திருந்தது. விரல் அடையாளம் கொடுத்த பிறகு வாங்கலாம் என்று கழற்றிக் கொடுத்தேன்.

பிற்பகல் மூன்று மணி. வெள்ளவத்தையிலிருந்து கோட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கீபோர்ட்டைக் குறுக்கே வைத்துக்கொண்டு ஓட்டோவில் 1,100 ரூபாய். துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர முக்கால் மணி நேரம். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால், இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாத சந்தின் கடைசியில் பட்டறை. நஸார் நானா என்று கேட்டால் காட்டுவார்கள். ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில். ஹோட்டல்களுக்கும் மண்டபங்களுக்கும் ஒலிபெருக்கிச் சாமான் கொண்டுபோகும் பெட்டிகள் செய்பவர்.

அவர் கீபோர்ட்டைப் பார்க்கவில்லை. முதலில் என்னைத்தான் கேட்டார்.

“எங்க கொண்டு போறீங்க? வேன்லயா, பிளேன்லயா? அத முதல்ல செல்லுங்க.”

விமானத்தில் என்றேன். அப்படியென்றால் நிறைதான் பெரிய விஷயம் என்றார். ஒன்பது மில்லிமீற்றர் பலகையில் செய்தால் பெட்டி பதினைந்து கிலோ, என் கீபோர்ட் பதினொன்று, இருபத்தாறாகிவிடும். விமானத்தில் இருபத்துமூன்றுதான் விடுவார்கள். ஆறு மில்லிமீற்றரில் செய்தால் பெட்டியும் பதினொரு கிலோவுக்குள் நிற்கும். மெல்லிய பலகை தாங்குமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், தான் தேநீர் குடித்து வைத்த கிளாஸை, முடிந்திருந்த பெட்டி ஒன்றின் பஞ்சுக்குள் செருகி, மூடிப் பூட்டி, மேசை உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் ஒரு மூலை படும்படி போட்டார். திறந்தபோது கிளாஸ் முழுதாக இருந்தது. அதைக் கழுவி எனக்கு அதிலேயே தேநீர் தந்தார்.

பெட்டியைத் தாங்குவது பலகை இல்லை, விளிம்பு என்று அன்று தெரிந்துகொண்டேன். எல்லா ஓரத்துக்கும் அலுமினியம், எட்டு மூலைக்கும் உருண்டை இரும்பு, வெளியே துருத்தாமல் பள்ளத்துக்குள் மடங்கும் பூட்டு. துருத்தும் பூட்டை அடுத்த பெட்டி தட்டிக் கழற்றிவிடும். உள்ளே பஞ்சு இரண்டு விதம்: அடியில் இறுக்கமானது, கட்டைகளுக்கு மேல் மெத்தென்றது. இறுக்கமானதை மேலே வைத்தால், மூடிப் பூட்டியதிலிருந்து கட்டைகள் நாள்முழுக்க அமுங்கிக் கிடந்து பழுதாகும். விலை 68,000. முன்பணமாக 20,000 என் கையிலிருந்து கொடுத்துவிட்டு, அளவெடுப்பதற்காகக் கீபோர்ட்டை அங்கேயே விட்டுவந்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனபோது பலகைகள் வெட்டி அடுக்கியிருந்தன. நீளம் 130 சென்ரிமீற்றர். மூடியில் என்ன பெயர் எழுதுவது என்று நஸார் நானா கேட்டார். குழுவின் பெயரா, என் பெயரும் சேர்த்தா என்று அறிய அங்கிருந்தே பரமண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“பேரைப் பிறகு பாப்பம்” என்றார் பரமண்ணை. “பெட்டியை அறுபத்தொண்டு கட்டைக்கு அடிக்கச் சொல்லு.”

“என்ரை எழுபத்தாறு அண்ணை.”

“ஓம். கஜன்ரை அறுபத்தொண்டு.”

கஜன் அவருடைய மகன். இருபத்திரண்டு வயது. இரண்டு வருடம் என்னிடம் படித்தவன். கீபோர்ட்டை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். வலது கை வரும், இடது கை இன்னும் வராது. பரமண்ணை தானாகவே சொல்லிக்கொண்டு போனார். ஏற்பாட்டாளர்கள் ஆறு பேருக்குத்தான் டிக்கெட் தருகிறார்களாம். முடிவெடுக்க அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்ததாம். என் பத்திரங்கள் என்னவாயின என்று கேட்டேன். விசாவுக்குக் கொடுக்கவில்லை என்றார். ஒரு நாளும் கொடுக்கவில்லை.

“நீ குறை நினைக்காதை. நீ போனாலும் நிகழ்ச்சி முடியத் திரும்பி வந்திடுவாய். அவன் போனால் அங்கையே நிண்டிடுவான். அந்த இடம் ஆருக்குத் தேவை எண்டு நீயே சொல்லு.”

திரும்பி வருவேன் என்பது உண்மை. நாட்டை விட்டு ஓட எண்ணாதவனுக்கு விமானத்தில் இடம் எதற்கு என்று அவர் கேட்கிறார். அப்படியானால் பெட்டி பார்க்க என்னை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். “பெட்டி பாக்க உன்னை விட்டால் ஆருக்குத் தெரியும்?” என்றார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

போன் சத்தமாக இருந்திருக்க வேண்டும். நஸார் நானா ரம்பத்தை நிறுத்திவிட்டு வெட்டிய பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“குறுக்கிறது லேசு” என்றார். “நீட்டத்தான் ஏலா. என்ன செய்ற எண்டு நீங்க செல்லுங்க.”

சந்துக்கு வெளியே போய் நின்றேன். மாதா கோயில் மணி அடித்தது. வெள்ளவத்தை லொட்ஜில் எத்தனை பேரிடம் நாட்டின் பெயரைச் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். மனைவிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“நீங்கள் சொன்ன அந்தக் கோட் வாங்கிப்போட்டியளோ?”

“இல்லை.”

“நல்லதாப் போச்சு” என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. வைத்துவிட்டேன்.

திரும்பிப் போய் நஸார் நானாவிடம் சொன்னேன்: இந்தப் பலகைகளைக் குறுக்கி அவர்களுக்கே பெட்டி செய்யுங்கள், காசை அவர்களிடமே வாங்குங்கள், பரமண்ணையின் நம்பர் இது. என் முன்பணத்துக்கு எனக்கு வேறு பெட்டி. ஒன்பது மில்லிமீற்றரில். விமானத்தில் போகாது, வேனில்தான் போகும். பதினைந்து கிலோ இருந்துவிட்டுப் போகட்டும்.

கஜனின் கீபோர்ட் அளவு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் குறைத்துச் சொன்னால் போதும். மூடி கட்டைகளை அழுத்தும், முதல் விமான நிலையத்திலேயே இரண்டு மூன்று போய்விடும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. இதை நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் இருந்தேன். பிறகு சரியான அளவையே எழுதிக் கொடுத்தேன். பெருந்தன்மை இல்லை. அந்தக் கருவி எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளியும் சனியும் வெள்ளவத்தையில் சும்மா இருந்தேன். ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக் கற்களில் போய் உட்காருவது, திரும்பி வருவது. லொட்ஜில் ஒருவர் என் விசா என்னவாயிற்று என்று கேட்டார். சரிவரவில்லை என்றேன். அவர் உடனே தன் கதையைத் தொடங்கிவிட்டார். மூன்றாம் தடவையும் மறுத்துவிட்டார்களாம். ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பெட்டி கைக்கு வந்தது. கறுப்பு நிறம். மூடியில் எழுத்து எதுவும் வேண்டாம் என்றுவிட்டேன். ஒன்பது மில்லிமீற்றருக்கு நியாயப்படி 74,000 ஆக வேண்டும், நஸார் நானா பழைய விலையையே எடுத்தார். குளிர் உடுப்புக்குச் சேர்த்த காசு அதோடு சரி. கீபோர்ட்டை உள்ளே வைத்து மூடி அசைத்துப் பார்த்தோம். சத்தமே இல்லை. மேசையிலிருந்து போட்டுப் பார்க்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். இந்தத் தடவை பெட்டிக்கு இருக்கை பதிவு செய்யவில்லை. வாசலோரம் கிடத்தி, பக்கத்தில் நின்றுகொண்டேன். கூட்டம் பயங்கரம். மதவாச்சி தாண்டும்போது பரமண்ணை போன் எடுத்தார். நஸார் நானா நல்ல மனுசன், பெட்டி புதன்கிழமை முடியுமாம் என்று உற்சாகமாகச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“பதினாலு பாட்டு இருக்கு. கஜனுக்குப் பக்கத்திலை இருந்து காட்டிக் குடு. உன்னை விட்டால் அவனுக்கு ஆர் இருக்கினம்?”

“எனக்கு ஏலாது அண்ணை.”

“ஏன்ரா?”

பதினேழு வருடத்தில் அவரிடம் முடியாது என்று நான் சொன்னதில்லை. ஏலாது என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்தேன். இனி அவரிடமிருந்து நிகழ்ச்சி வராது. பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக் கொடுத்து வரும் காசில்தான் வீடு நடக்க வேண்டும். கொழும்பில் எல்லாவற்றுக்கும் ஒரு விலை எழுதியிருக்கும், வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்க நேரம் கிடைக்கும். ஊரில் பழக்கத்துக்கு விலை எழுதுவதில்லை. கடைசியில்தான் சொல்வார்கள்.

வவுனியாவில் ஒரு பெண் ஏறினார். ஆறு ஏழு மாதக் கர்ப்பம் இருக்கும். உள்ளே போக வழியில்லை. என் பெட்டியைப் பார்த்தார், கேட்கக் கூச்சப்பட்டார். இருங்கோ, ஒண்டும் செய்யாது என்றேன். பெட்டியின் நுனியில் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நன்றாகச் சரிந்து உட்கார்ந்தார்.

“வெளிநாட்டிலயிருந்தோ வாறியள்?” என்று கேட்டார்.

“இல்லையம்மா. கொழும்பிலயிருந்து.”

உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை. கிளிநொச்சி வரும்வரை தலையைக் கதவோரம் சாய்த்து அரைத்தூக்கமாக இருந்தார். நிலையம் வந்ததும் எழுந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தான் இருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டு இறங்கிப் போனார்.