கடைசிப் பங்கு எங்களுக்கு

1. சென்னைக்காரர் கைவிரித்த நாள்

"உங்க லோன் ஒண்ணுகூட கெட்டதில்லைங்கறீங்க. நம்பறேன். ஆனா வாங்க மாட்டேன்" என்றார் ரகுராமன். சென்னையில் ஒரு முதலீட்டு நிதியிலிருந்து வந்தவர். பாறசாலை ஜங்ஷனில் பேக்கரிக்கு மேலே இருந்த எங்கள் அலுவலகத்தில், பழம்பொரியைக் கடித்துக்கொண்டே இதைச் சொன்னார். எதிரே நானும் மேனேஜர் சாந்தகுமாரி மேடமும் உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் பெண்கள் குழுக்களுக்குத் தொழில் கடன் கொடுக்கும் சின்னக் கம்பெனி. இருந்த பணமெல்லாம் கடனாக வெளியே போயிருந்தது. கடற்கரை ஊரான பொழியூரில் செலினக்காவின் குழு, மீன்பிடி வள்ளங்களுக்குப் புது எஞ்சின் வாங்கக் கடன் கேட்டுக் காத்திருந்தது. மழைக்கு முன் நாங்கள் கொடுக்காவிட்டால் கந்துவட்டிக்கு விடும் பிளேடுகாரனிடம்தான் போக வேண்டும். அவன் வட்டி வள்ளத்தையே விழுங்கிவிடும்.

அதனால் பழைய கடன்களை ஒன்றாகக் கட்டி, அவற்றின் தவணைகளை வாங்கும் உரிமையை விற்கப் பார்த்தோம். செக்யூரிட்டைசேஷன் என்பது இதுதான். கடன்கள் ஒரு டிரஸ்டுக்குப் போகும். டிரஸ்ட் முதலீட்டாளருக்கு பி.டி.சி. என்ற பத்திரம் கொடுக்கும். இனி வரவேண்டிய தவணைக்கு எங்களுக்கு இன்றே பணம் கிடைக்கும்.

விற்க எடுத்து வைத்தது முழுக்கப் பொழியூர்க் கடன்கள். அதில் எங்களுக்குப் பெருமை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடலுக்குப் போக மாட்டார்கள். சர்ச்சில் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்திலேயே தவணை வந்துவிடும். ஒருத்தி குறைந்தால் மற்றவர்கள் சேர்ந்து நிரப்புவார்கள்.

"தங்கமான ஆளுங்க சார்" என்றேன்.

"தங்கம்தான். அத்தனையும் ஒரே கரையில இருக்கே?"

மேடம் விடவில்லை. "டிராஞ்ச் டிராஞ்சா, மேல் பங்கு கீழ்ப் பங்குன்னு பிரிச்சுத் தரலாமே சாரே? வர்ற பணத்தை முதல்ல எடுக்கற மேல் பங்கு உங்களுக்கு."

"ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் நிக்கணும். அப்பதான் டிராஞ்ச் காப்பாத்தும். எல்லாரும் சேர்ந்து விழுந்தா மேலென்ன, கீழென்ன?" என்று எழுந்தார். "அடுத்த வாரம் திருவனந்தபுரத்துல இருப்பேன். வேற ஏதாவது இருந்தா காட்டுங்க."

2. கடற்கரையில் பிரித்த பங்கு

மறுநாள் காலை பொழியூர் போனேன். கரையில் ஏலம் முடிந்திருந்தது.

"சாறே, எஞ்சின் உண்டா இல்லியா?" செலினக்கா தூரத்திலிருந்தே கேட்டார்.

"சென்னைக்காரருக்குப் பயம் அக்கா. கடல் ஏறினா நீங்க எல்லாரும் ஒண்ணா முடங்கிருவியளாம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "அவரு சொன்னது சரியாக்கும் மக்கா. கடலுக்கு வீட்டு நம்பரு தெரியாது. வந்தா வரிசையாட்டு எடுத்துட்டுப் போவும்."

இப்படிப் பேச்சில் விழும் வரிகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்குப் பொறுக்கியது மிகவும் உதவிற்று.

அதற்குள் பங்கு பிரிக்கத் தொடங்கினார்கள். முதலில் எண்ணெய்ச் செலவு. அடுத்தது வேலைக்காரர் பங்கு. மிச்சம் எதுவோ அந்தக் கடைசிப் பங்கு வள்ளத்துக்கு. அன்று பாடு, அதாவது வலையில் விழுந்த மீன், குறைவு. வள்ளம் செலினக்காவுடையது, அவர் கையில் ஒன்றும் வரவில்லை.

"அக்கா, வள்ளத்துக்கு இன்னைக்குக் காத்துதான் பங்கு" என்று வலை மடக்கிக்கொண்டிருந்தவர் கிண்டல் செய்தார்.

"போலே! நாளைக்கு நெத்தோலி ஏறட்டு. நீ எனக்க பங்கப் பாத்து வாயப் பொளப்ப."

நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஹெட் ஆபீஸ் அனுப்பிய ஆங்கிலக் காகிதத்தில் 'வாட்டர்ஃபால்', அருவி, என்றிருந்ததைப் பலமுறை வாசித்தும் பிடிபடவில்லை. பணம் மேலிருந்து ஒவ்வொரு பங்காக நிரப்பிக்கொண்டு கீழே இறங்கும் அது, என் கண்முன்னால் மணலில் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் காசுதான் மேல் டிராஞ்ச்: முதலில் வரும், நிச்சயமாக வரும், கூடுதலாக வராது. இன்ஷூரன்ஸ் கம்பெனி மாதிரி, பணத்தைப் பத்திரமாக வைக்க வேண்டியவர்கள் குறைந்த வட்டிக்கு அதை எடுப்பார்கள். வேலைக்காரர் பங்கு நடு டிராஞ்ச். கொஞ்சம் துணிந்தவர்களுக்கு, கொஞ்சம் கூடுதல் வட்டியோடு. வள்ளத்தின் பங்கு ஃபர்ஸ்ட் லாஸ். நஷ்டம் முதலில் அங்கேதான் விழும். நன்றாக ஓடினால் மிச்சமெல்லாம் அதற்கே.

3. கலந்து கட்டியது

அலுவலகத்துக்கு ஓடி, மணலில் பார்த்ததை மேடத்திடம் சொன்னேன். கடல் வரிசையாக எடுத்துப் போகுமென்றால், கடல் எட்டாத ஊர்க் கடன்களும் கூட வேண்டும். பொழியூர்க் கடன்களில் ஒரு பகுதியை மட்டும் வைத்தோம். கொல்லயில் என்ற ஊர்ப் பக்கத்து மாட்டுக் கடன், வாழைக் கடன், காட்டாக்கடை சந்தைக் கடைக்காரிகளின் கடன் எல்லாவற்றையும் சேர்த்தோம்.

"கீழ்ப் பங்கு யாருக்கு வில்சா?" என்று என்னைக் கேட்டார் மேடம்.

"நமக்குத்தான் மேடம். வள்ளம் நம்மளுதில்லா?"

"நஷ்டம் வந்தா முதல்ல நம்ம தலையிலாக்கும்." காகிதத்தில் கீழ்ப் பங்குக்கு எதிரே கம்பெனி பேரை எழுதினார். "சரி. வச்சுக்கிடுவோம்."

திருவனந்தபுரத்தில் ரகுராமன் துருவினார். "கொல்லயில்ல மாட்டுக்கு நோய் வந்தா?"

"பொழியூர் வள்ளத்துக்கு ஒட்டாது சார்."

"கடல் ஏறினா?"

"காட்டாக்கடை சந்தை நனையாது சார்."

சிரித்துவிட்டார். மேல் பங்கை எடுத்துக்கொண்டார். நடுப் பங்குக்கு இன்னொருவரையும் அவரே கொண்டுவந்தார். மழைக்கு முன்னால் பொழியூரில் புது எஞ்சின்கள் இறங்கின. செலினக்கா எஞ்சினுக்கு மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பினார்.

அடுத்த மழையில் கடல் ஏறியது. ஒரு வரிசை வீடுகள் போயின. ஆட்கள் முகாமில் இருந்தார்கள். தவணை நின்றது. அந்தக் குறையை எங்கள் கீழ்ப் பங்கு தாங்கியது. கொல்லயிலும் காட்டாக்கடையும் கட்டிக்கொண்டே இருந்தன. சென்னைக்குப் போகும் பணம் ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. கடல் அடங்கி, பாடு ஏறியதும் பொழியூர்க்காரர்கள் கோயில் முற்றத்தில் நிலுவையை அடைத்தார்கள். எங்கள் பங்கு நிரம்பியது, மிச்சமும் வந்தது.

ரகுராமன் போன் செய்தார். "கடல் ஏறிச்சுன்னு டிவில பார்த்தேன். என் பணம் சரியா வந்துடுச்சே! அடுத்தது எப்போ? இந்த வாட்டி நடுப் பங்கும் எனக்கே."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். கடன் நல்லதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எல்லாம் ஒரே நாளில் கெடுமா என்று பாருங்கள். கீழே நிற்பது யார் என்றும் கேளுங்கள். விற்கிறவனே அங்கே நின்றால், வாங்குகிறவன் நம்பி வருவான்.

செலினக்காவிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பை நிறைய நெத்தோலியை என் வண்டியில் மாட்டினார்.

"அப்போ சாறும் வள்ளக்காரன் ஆயாச்சு. கொண்டு போங்க, இது நம்ம கடைசிப் பங்காக்கும்."