ஐம்பத்தொரு இஞ்ச் மீடியம்

திருப்பூரில் தடுக்கி விழுந்தால் டீசர்ட் தைக்கத் தெரிந்த ஒருவர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் தைத்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து முகம் தெரியாத ஓர் ஆளுக்கு விற்கச் சொன்னால் ஊரே முழிக்கும். என்னைப் போலவே படம் எடுத்து, பெயர் போட்டு, ஆன்லைனில் ஏற்றிவிட்டு, ஃபோனைப் பார்த்துக்கொண்டே சோற்றை ஆறவிடுகிற அன்பர்களே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆடி வரைக்கும் தவணை

பல்லடம் ரோட்டில் என் அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு ஷெட். எட்டுத் தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள். வெளி வேலையெல்லாம் அண்ணன். நான் பதினெட்டு வருஷமாக செக்கிங். தைத்து வந்ததை மேஜையில் விரித்து, டேப் வைத்து அளந்து, சரியில்லை என்று திருப்பி அனுப்பிக் கெட்ட பெயர் வாங்குகிறவள். எங்களுக்கு வேலை கொடுத்துவந்த ஏற்றுமதிக் கம்பெனி வைகாசியில் ஒருநாள், இனி எல்லாவற்றையும் நாங்களே தைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. மூன்று டெய்லர்கள் அந்த வாரமே வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து பேர் போகாமல் இருந்தார்கள். மெஷின்களை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொல்லிவைக்க, வெள்ளகோவிலில் இருந்து ஒருவர் வந்து எட்டு மெஷினையும் தட்டிப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் ஆடி வருகிறதே, ஆடியில் புது இடத்தில் மெஷின் இறக்க மாட்டேன், ஆவணி பிறந்ததும் டெம்போவோடு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

நாற்பத்தாறு வயதில், மூக்குக் கண்ணாடியோடு, என்னை எந்தக் கம்பெனி செக்கிங்குக்கு எடுக்கும்? கையில் இருக்கும் துணியில் டீசர்ட் தைத்து ஆன்லைனில் விற்றுப் பார்க்கிறேன் என்று அண்ணனிடம் போய் நின்றேன். அண்ணன் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். இருபத்தேழு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் ஒரு டீசர்ட் போட்டு நான் பார்த்ததில்லை; எப்போதும் டெய்லரிடம் கொடுத்துத் தைத்த வெள்ளைச் சட்டைதான். அது கௌரவத்துக்காக என்று நினைத்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"சரி அம்மிணி, ஆடி முடியற வரைக்கும் பாரு. ஆவணி ஒண்ணாந்தேதி எட்டு மெஷினும் ஓடுச்சுன்னா டெம்போ சும்மா போவட்டும். இல்லாட்டி அப்பறம் என்னைய ஒண்ணும் கேக்கக் கூடாது."

ரோடு யார் போடுவது

எந்தத் தளத்தில் கடை போடுவது? கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லோரும் விற்கிற பெரிய சந்தைத் தளம் ஒன்று. மாத வாடகைக்கு நமக்கே நமக்கென்று வலைக்கடை வைத்துத் தருகிற தளம் ஒன்று. படத்தை மட்டும் கொடு, டீசர்ட்டை நாங்களே அச்சடித்து அனுப்புகிறோம் என்கிற தளம் ஒன்று. கடைசியாகச் சொன்னதற்கு மெஷினே வேண்டாம் என்பதால் அதை அன்றே தள்ளிவிட்டேன்.

வாடகை வலைக்கடையை விளக்கக் கோயமுத்தூரில் இருந்து ஒரு தம்பி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பேச்சு. எங்கள் கட்டிங் டேபிளிலேயே லேப்டாப்பை வைத்து இருபது நிமிஷத்தில் ஒரு கடையைக் கட்டிக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. இந்தக் கடைக்கு ஆள் எப்படி வருவார்கள் என்று கேட்டேன். லேப்டாப்பை மூடிக்கொண்டே சொன்னார்:

"கடை கட்டித் தர்றது எங்க வேலைங்க மேடம். அதுக்கு ரோடு போடறது உங்க வேலைங்க."

ஆந்த்ரா மெலாஞ்ச்

ரோடு போட எனக்கு நேரம் இல்லை. அதனால் ஏற்கெனவே கூட்டம் இருக்கிற பெரிய சந்தைத் தளத்திலேயே பதிவு செய்தேன். ஆனி முதல் வாரத்தில் பன்னிரண்டு டீசர்ட்டுகள் ஏற்றினேன். பெயர் வைப்பதில் எனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்: 'ஆந்த்ரா மெலாஞ்ச், முப்பதாம் நம்பர் கோம்டு, நூற்றெண்பது ஜிஎஸ்எம், பயோ வாஷ்.' பத்தொன்பது நாள் ஓர் ஆர்டர் இல்லை. ஃபோன் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு ஃபோனில் இருந்து கூப்பிட்டுக்கூடப் பார்த்தேன். காலண்டரில் தேதி கிழிக்கக் கை வரவில்லை. டெய்லர்கள் ஐந்து பேரும் மெஷினுக்கு எண்ணெய் விட்டார்கள், துடைத்தார்கள், மறுபடி எண்ணெய் விட்டார்கள்.

அவர்களில் ஜெபமணி நாசரேத் பக்கத்தில் இருந்து குடும்பத்தோடு வந்தவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். என் ஃபோனை வாங்கி மூக்குக்கு நேரே வைத்துப் படித்தாள். ஆந்த்ரா மெலாஞ்ச் என்றால் சாயப்பட்டறையில் கருஞ்சாம்பல் நிறத்துக்குப் பெயர். எங்களுக்குத்தான் அது பெயர்.

"யக்கா, எங்க ஊர்க் கடையில போயி ஆந்த்ரா மெலாஞ்ச் குடுங்கன்னு கேட்டா, மருந்துக்கடை அடுத்த தெருவுலன்னுல்லா சொல்லுவான்."

நாடே இளைத்துவிட்டது

'கருஞ்சாம்பல் காட்டன் டீசர்ட்' என்று மாற்றினேன். மூன்றாம் நாள் முதல் ஆர்டர் வந்தது. அந்த மணிச் சத்தத்துக்கு ஜெபமணி கும்பிட்டாள், நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அப்புறம் நாளுக்கு ஐந்து, எட்டு என்று வர ஆரம்பித்தது. ஒரே ஒரு விசித்திரம். கேட்டதெல்லாம் ஸ்மால், மீடியம். லார்ஜ் அபூர்வம், எக்ஸ்எல் கேட்க ஆளே இல்லை. வாங்குகிறவர் தன் மார்பளவைப் போட்டால் எந்த சைஸ் என்று அந்தத் தளமே அளவுப் பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடும், தப்பு வர வழியில்லை. ஆகவே நாங்கள் அதை நம்பினோம். கட்டிங் மாஸ்டர் கனகு அண்ணன் கத்தரியை வைத்துவிட்டு யோசித்தார்.

"ஏனுங்க, சனமெல்லாம் டயட்டுல எறங்கிட்டாங்களாட்டருக்குது. நானு ஸ்மாலயே எச்சா வெட்டிப் போடறனுங்க."

திரும்பி வந்த பைகள்

ஆடி பிறந்தது, பைகள் திரும்பத் தொடங்கின. முதல் நாள் மூன்று. அடுத்த நாள் ஒன்பது. கூரியர்க்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் ஒரே காரணம்: 'மிகவும் சிறியது.' ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து அளந்தேன். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. தன் உடம்பு அளவு தெரியாத சனத்துக்கு எதற்கு ஆன்லைன் என்று வாய்விட்டே திட்டினேன். திருப்பி அனுப்பப்படும் விகிதம் அதிகமாகிவிட்டது, கணக்கு ஆபத்தில் இருக்கிறது என்று தளத்தில் இருந்து சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது.

கடலூரில் இருந்து வந்த ஒரு பையில் டீசர்ட்டோடு மடித்த காகிதம் ஒன்று இருந்தது. கீழே ஃபோன் நம்பர், மேலே நீல மையில் நிதானமான கையெழுத்து. திட்டுதான் இருக்கும் என்று நின்றபடியே படித்தேன். படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"என் மார்பு ஐம்பது இஞ்ச். எனக்கு மீடியம் போதும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக உங்கள் கடைதான் சொன்னது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நிஜமாகவே இந்த அளவில் தைத்தால் தெரிவிக்கவும்."

டேப்பின் ஒரு பக்கம்

ஐம்பது இஞ்ச் மனிதருக்கு மீடியமா? அளவுப் பட்டியலைத் திறந்தேன். ஸ்மால் நாற்பத்தெட்டு, மீடியம் ஐம்பத்தொன்று, லார்ஜ் ஐம்பத்துநாலு, எக்ஸ்எல் ஐம்பத்தேழு. எல்லாம் என் கையால் போட்டது. செக்கிங்கில் நாங்கள் டீசர்ட்டைத் தட்டையாக விரித்து அக்குளில் இருந்து அக்குள் வரை முன்பக்கம் மட்டும்தான் அளப்போம், அதுவும் சென்டிமீட்டரில். அதற்கு அரை நெஞ்சு என்று பெயர். தளத்தில் 'மார்பளவு' என்று கேட்ட கட்டத்தில் அந்த அரை நெஞ்சைப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் இஞ்ச் என்று இருந்ததை மாற்றவே இல்லை. நாற்பது இஞ்ச் ஆட்கள், இது மலைக்கு மாட்டுகிற சட்டை என்று ஓடிவிட்டார்கள். எந்தக் கடையிலும் தங்கள் அளவு கிடைக்காதவர்கள் மட்டும், நமக்கும் ஒரு கடை வந்ததே என்று ஓடி வந்திருக்கிறார்கள். இவர்களைத்தான் இரண்டு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கனகு அண்ணனிடம் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் டேப்பை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"பதினெட்டு வருசமா அரை நெஞ்சையே அளந்துட்டிருந்தா, மனுசனுக்கு முதுவு இருக்கறது மறந்துதானுங்க போவும்."

யாருடைய வாடிக்கையாளர்

மறுநாள் காலையில் தளத்தில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். நான் செய்ததுதான், அதில் எனக்கு வாதமில்லை. வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, உங்கள் அளவுக்கே தைத்துத் தருகிறோம் என்று சொல்லத்தான் துடித்தேன். ஆனால் கடலூர்க்காரரைத் தவிர என்னிடம் ஒருவர் நம்பரும் இல்லை. அந்தத் தளத்தில் வாங்குபவரின் நம்பரை விற்பவருக்குக் காட்டவே மாட்டார்கள். உதவி மையத்தை ஏழு தடவை கூப்பிட்டேன். ஏழாவது தடவை ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். எங்கள் கஸ்டமர்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் என்று கெஞ்சினேன். குரல் இனிமையாகத்தான் இருந்தது.

"மேடம், அவங்க உங்க கஸ்டமர் இல்ல, எங்க கஸ்டமர். நீங்க எங்க செல்லர், அவ்வளவுதான்."

அங்கே ஆடி கிடையாது

மிஞ்சியது கடலூர்க்காரர் நம்பர் ஒன்றுதான். கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். எங்களைப் போன்ற உடம்புக்காரர்களுக்கு எந்த ஊரில் எந்தக் கடையில் அளவு கிடைக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவே இருக்கிறது, நீங்கள் தைத்துக் கடை திறங்கள், நான் சொல்கிறேன் என்றார். கோயமுத்தூர்த் தம்பி சொன்ன ரோடு எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

வாடகை வலைக்கடையே இனி வழி என்று முடிவு செய்து தம்பியைக் கூப்பிட்டேன். அண்ணன் குறுக்கே நின்றார். ஆடியில் போய் யாராவது கடை திறப்பார்களா, வெள்ளகோவில்காரர்கூட மெஷின் இறக்கவில்லை என்றார். ஆவணி வரை பொறுத்தால் டெம்போ வந்துவிடுமே என்றேன். புதுப் பேட்டர்ன் வரைந்துகொண்டிருந்த கனகு அண்ணன் தலையைத் தூக்காமலே அண்ணனுக்குப் பதில் சொன்னார்.

"கடை நம்மூர்ல இல்லீங்களே. அது எந்தச் சீமையிலயோ ஒரு கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க. அங்க ஏதுங்க ஆடி?"

ஆவணி ஒன்று

ஐம்பத்துநாலு இஞ்சுக்கு, முதுகையும் சேர்த்து, முதல் சாம்பிள் தைத்தோம். போட்டுப் பார்க்க அந்த உடம்பு ஷெட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. வேண்டாம் என்று மழுப்பிய அண்ணனைப் பிடித்து நிறுத்தி மாட்டிவிட்டேன். தோளைக் குலுக்கினார், கையைத் தூக்கினார், இறக்கினார். எங்கும் இழுக்கவில்லை. கௌரவமெல்லாம் ஒன்றும் இல்லை, அவர் அளவுக்கு எங்கும் கிடைத்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூடப் பிறந்தவள் நான், டேப் பிடித்தே வாழ்ந்தவள், ஒருநாளும் அவரை அளந்து பார்த்ததில்லை. கழற்றாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆடியிலேயே வலைக்கடையைத் திறந்தோம்; கடலூர்க்காரர் குழுவில் சொல்லி, சொன்ன சொல் காப்பாற்றினார், ஆர்டர் வந்தது. ஆனாலும் ஆவணி ஒன்றாம் தேதி காலையில் ஐந்து மெஷினுக்குத்தான் வேலை இருந்தது. மூன்று சும்மா நின்றன. பேச்சு எட்டு என்றுதானே? வாசலில் டெம்போ வந்து நின்ற சத்தம் கேட்டதும் ஜெபமணி தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகத் தைத்தாள். அண்ணன் அந்தக் கருஞ்சாம்பல் டீசர்ட்டோடு உள்ளே வந்தார். ஓடுகிற மெஷின்களை ஒரு முறை பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. எட்டையும் ஏற்ற வேண்டியதுதானே என்று கேட்ட வெள்ளகோவில்காரரிடம், சும்மா நின்ற மூன்றைக் கை காட்டினார்.

"அது மூணையும் ஏத்திக்குங்க. மிச்சம் அஞ்சக் குடுக்கறதாயில்லீங்க. இந்தத் தொழிலுக்கு வந்து இருவத்தேழு வருசம் கழிச்சு இப்பத்தானுங்க என்ற ஒடம்புக்கு ஒண்ணு தெச்சிருக்காங்க."

எந்தத் தளம் நல்ல தளம் என்று என்னிடம் கேட்க வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வதெல்லாம், எங்கே கடை போட்டாலும் வாங்குகிறவருக்கு ஒரு ஃபோன் நம்பரும் ஒரு முதுகும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள் என்பதுதான்.