அந்த ஒரு ஓட்டு

முன் சீட்டுக்கு ஒரு துணி, பின் சீட்டுக்கு ஒரு துணி. இரண்டையும் மாற்றித் துடைத்துவிட்டால் அன்றைக்குச் சவாரி விளங்காது என்பது செல்லக்கண்ணுவின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரைச் சுற்றி வரும் வட்ட ரயில் என்னை இன்சீன் நிலையத்தில் இறக்கிவிடும்போதெல்லாம் அவர் துடைத்துக்கொண்டுதான் இருப்பார். அழுக்கு இருக்காது. ஆனாலும் துடைப்பார்.

"வாங்க சயாமா! ரயிலு இன்னிக்கும் தூங்கித் தூங்கி வந்துச்சா?"

சயாமா என்றால் டீச்சரம்மா. பபேடானிலிருந்து வாரம் ஒருமுறை வந்து, இன்சீன் சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் பர்மியத்தில் பேசிச் சிரித்துவிட்டு, எனக்காகப் பாவப்பட்டு ஒன்றிரண்டு எழுத்து எழுதுவார்கள். நிலையத்திலிருந்து சங்கம் வரை செல்லக்கண்ணுவின் சைக்காவில்தான் போவேன். சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒட்டவைத்த இரண்டு சீட்டு வண்டி அது. ஒருவர் முன்னால் பார்த்து உட்காரலாம், இன்னொருவர் முதுகுக்கு முதுகு கொடுத்துப் பின்னால் பார்த்து உட்காரலாம். "புருசன் பொண்டாட்டி சண்டைக்குன்னே செஞ்ச வண்டி" என்பார் அவர்.

ஐம்பத்திரண்டு வயது. முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய கைலி, யாரோ சீனத்துப் பெண் மறந்துவிட்டுப் போன ரோஜா நிறத் தொப்பி. ஹேண்டில்பாரில் பழைய மோட்டார் சைக்கிளின் கண்ணாடி ஒன்றை மாட்டியிருக்கிறார். சாலையைப் பார்க்க அல்ல, முன் சீட்டில் உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்க்க. "மூஞ்சியப் பாக்காம பேசுனா அது பேச்சா சயாமா?" பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு. அதில் பாதி அவர் செய்த நல்ல காரியங்கள். மீதி அவர் செய்யப்போகிறவை.

இரண்டு விஷயத்தில் அவருக்குப் பெருமை அதிகம். ஒன்று, மனதில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசத் தெரியாது என்பது. இதை வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். மற்றது, சீட்டை விட்டு இறங்காதது. ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு ஏற்றம் உண்டு. மற்ற சைக்காக்காரர்கள் அங்கே இறங்கித் தள்ளுவார்கள். செல்லக்கண்ணு எழுந்து நின்று மிதிப்பார், நரம்பு புடைக்க. "எறங்கித் தள்ளுனா வெக்கம் சயாமா. முப்பது வருசம் ஓட்டுறேன், இந்தக் காலு சவாரியோட தரையில பட்டதில்ல."

இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது போன மாதத் தேர்தலுக்குப் பிறகுதான். நாட்டுத் தேர்தல் அல்ல. அந்தச் சொல்லை இங்கே இப்போது குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். இது மரண சகாய சங்கத்தின் தேர்தல். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வண்டி கொண்டுவந்து, தூக்கி, சுடுகாடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் சங்கம். நிர்வாகத்துக்கு நாலு வருடக் காலம். நடுவில் இரண்டாம் வருடம் பாதிப் பதவிகளுக்கு ஓட்டு வரும். இந்த முறை தலைவர் பதவியும் அந்தப் பாதியில் விழுந்தது.

பன்னிரண்டு வருடமாகத் தலைவர் ஊ கார்த்திகேசன்; ஊ என்பது பெரியவர்கள் பெயருக்கு முன்னால் பர்மியர்கள் சேர்க்கிற மரியாதை. ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றவர், செல்லக்கண்ணுவின் சந்தில் கடைசி வீடு. எதிர்த்து நின்றவர் பாலசந்தர், கைப்பேசிக் கடைக்காரர், நாற்பது வயது. குளிர்பதன வசதியோடு புதுச் சவ வண்டி வாங்குவதாக வாக்குக் கொடுத்தார். செத்தவருக்கு எதற்குக் குளிர்பதனம் என்று நான் கேட்கவில்லை. வெளியூர்க்காரி, எந்தப் பக்கமும் சேராதவள் என்பதற்காக என்னை ஓட்டுப் பெட்டி தூக்க அழைத்திருந்தார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டி என்பது பிஸ்கட் டின். வீட்டுக்கு ஒரு ஓட்டு, சந்துக்கு ஒரு டின்; செல்லக்கண்ணுவின் சந்து டின் என் பொறுப்பு. கார்த்திகேசனுக்கு விளக்குச் சின்னம், பாலசந்தருக்கு மணி. காலை எட்டு மணிக்கு ஆரம்பம் என்று அறிவித்திருந்தோம். முந்தின இரவே வந்து தங்கியிருந்த என் முன்னால் ஆறு மணிக்கே கார்த்திகேசன் வந்து நின்றார். லைங் தாயாவில் ஒரு சாவு, வண்டி எடுத்துப் போக வேண்டும், திரும்ப சாயங்காலமாகிவிடும் என்றார். சீட்டைக் கொடுத்தேன். குத்தி, நாலாக மடித்துப் போட்டுவிட்டுப் போனார். அப்போது சந்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. பகல் முழுக்க, "பாவம், அவர் ஓட்டே போடல" என்று சந்து பேசிக்கொண்டது. பெட்டியைக் காக்கிறவள் அதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

சந்தில் பதினேழு வீடு. ஓட்டுப் போட்டவை பதினான்கு. மணிக்குப் பதின்மூன்று, விளக்குக்கு ஒன்று. அந்த ஒன்று டின்னின் அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. அதைப் பிரித்த எனக்குக் கை கூசியது. எல்லாச் சந்துக் கணக்கையும் பலகையில் சாக்பீஸால் எழுதினார்கள், பாலசந்தர் ஜெயித்திருந்தார், எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் கை தட்டவில்லை. ஜெயிக்க வைத்தவர்களே தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு செல்லக்கண்ணு சீட்டைத் துடைக்காமலே என்னை ஏற்றினார்.

"அந்த ஒரு ஓட்டு யாருதுன்னு நெனைக்கிறீங்க சயாமா? நம்மளுதுதான்! ஊ கார்த்தி அண்ணன்கிட்டயே நேருல சொல்லிட்டேன். நமக்குத்தான் மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு தெரியாதே."

"அவர் என்ன சொன்னார்?"

"கையப் புடிச்சுக்கிட்டாரு. 'சந்தோசம் செல்லக்கண்ணு'ன்னாரு."

நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. மாலையில் திரும்பும்போது, சந்தில் முதல் வீட்டு ராமாயி என்னை நிறுத்தி, கிசுகிசுவென்று அதே ஓட்டைத் தன்னுடையது என்றாள். தேநீர்க் கடையில் தையற்கார உதயசூரியன் சொன்னார். சங்கத்தில் பாய் விரிக்கிறவர் சொன்னார். தோற்றவர் வீட்டுக்கு அந்த வாரம் நாலு கிண்ணம் மொஹிங்கா போனது, மீன் குழம்பு ஊற்றிய சேமியா. அவர் ஒருவர், வீட்டில் வேறு யாரும் கிடையாது. அத்தனையையும் எப்படிச் சாப்பிட்டாரோ! ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "சந்தோசம்" என்று சொல்லி அனுப்பினாராம்.

அடுத்த வாரம் போனபோது ஹேண்டில்பார்க் கண்ணாடி தரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கேட்டேன். "திருகு லூசு" என்றார். திருகு நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வருகிற கார்த்திகேசன், இப்போது அந்த வண்டியில் ஏறினால் பின் சீட்டில்தான் உட்காருகிறார், சாலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதற்குத் தோதாக இடம் விட்டுக் கொடுத்தவர் தோற்றவர்தான்.

மூன்றாவது ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. நிலையத்துக் கூரையடியில் இருவரும் ஒதுங்கினோம். பத்து நிமிடம் பேசாமல் இருந்தார். செல்லக்கண்ணு பத்து நிமிடம் பேசாமலிருந்தால் காய்ச்சல் என்று நினைக்க வேண்டும்.

"சயாமா, பொட்டி தூக்குனவுங்க நீங்க. ஒங்களுக்குத் தெரியும்ல?"

"என்ன?"

"அது நம்ம ஓட்டு இல்லன்னு."

"தெரியும்."

ஈரத் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். "மணியிலதான் குத்துனேன். எங்கண்ணன் அய்யாசாமி போனாருல்ல, அந்த மூச்சுத் திணறல் வருசம்? நாலு வருசத்துக்கு மேல ஆச்சு. மூணு நாளு ஆக்சிஜனுக்கு வரிசையில நின்னேன், கெடைக்கல. விடியக் காலம்புற செத்துட்டாரு. நா உள்ரூமுக்குள்ள பூந்து கதவச் சாத்திக்கிட்டேன். பயம் சயாமா. கூடப் பொறந்தவன், தொடப் பயம். ஊ கார்த்தி அண்ணன்தான் ஒரு மழக்கோட்டப் போட்டுக்கிட்டு வந்து கட்டித் தூக்குனாரு. கதவத் தட்டி, 'செல்லக்கண்ணு, சந்து முனை வரைக்குமாச்சும் வண்டி பின்னால நட. ரெத்த சொந்தம் ஒருத்தர் நடக்கணும்'னாரு."

"போகலையா?"

"தொறக்கல. அவரே நடந்தாரு, சொந்தக்காரன் மாதிரி. நா சன்னல் இடுக்குல பாத்துக்கிட்டு இருந்தேன்."

மழை கொஞ்சம் விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லிக் காட்டல சயாமா. யாருகிட்டயும் சொல்லல. திட்டியிருந்தா ஆறியிருக்கும். அவரு நாற்காலியில ஒக்காந்து சிரிக்கிறப்பல்லாம் அந்தக் கதவுதான் கண்ணுல வருது. ஆளு மாறிட்டா, பாக்க வேணாம் பாருங்க. அதுக்குத்தான் குத்துனேன். ஏசி வண்டியும் இல்ல, மண்ணும் இல்ல."

"மற்றவர்கள்?"

"எங்க சந்துல அந்த வருசம் ஒம்பது சாவு. ஒம்பதையும் தூக்குனது அவருதான். எல்லா வீட்டுலயும் கதவு இருந்துச்சு."

 முதல் ஞாயிறு சிரித்ததற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. "போய்ச் சொல்லிவிடுங்களேன்" என்றேன், டீச்சர் புத்தி. "ஆனாடே சயாமா, ஆனாடே" என்றார். எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று நாம் கூசிப் போவதற்குப் பர்மியர்கள் வைத்திருக்கிற சொல் அது. அதைச் சொன்னால் மேற்கொண்டு யாரும் வற்புறுத்தக் கூடாது.

நேற்று நாலாவது ஞாயிறு. வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். கார்த்திகேசனும் சங்கத்திலிருந்துதான் வந்தார். சவ வண்டியின் சாவியைப் பாலசந்தரிடம் ஒப்படைத்துவிட்டு, பிரேக் கொஞ்சம் இழுக்கும், மழையில் பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். தூக்கிய சாவுகளை எழுதி வைத்த அவருடைய பேரேடுகளில் பெயர் எழுத்துகள் அழிந்திருக்கின்றனவாம், திருத்தி எழுதித் தருவீர்களா என்று என்னை வீட்டுக்கு அழைத்தார். செல்லக்கண்ணுவின் வண்டிதான் நின்றது. கார்த்திகேசன் பின் சீட்டில் ஏறினார். நான் முன் சீட்டில். எங்கள் முதுகுகள் இடித்துக்கொண்டன.

ரயில்வே கேட் ஏற்றத்தில் செல்லக்கண்ணு வழக்கம்போல் எழுந்து நின்று மிதித்தார். ஏற்றம் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து கார்த்திகேசனின் குரல் வந்தது.

"சயாமா, சந்துல பதினோரு பேரு வந்து அந்த ஒரு ஓட்டு தன்னோடதுன்னு சொல்லிட்டாங்க. எனக்குத்தான் பதில் சொல்ல வாயி வரல."

செல்லக்கண்ணுவின் மிதி தளர்ந்தது.

"அது நான் போட்டது. எனக்கு நானே. இந்தப் பன்னெண்டு வருசத்துல அப்புடிப் போட்டதில்ல, எதிராளிக்குத்தான் போடுவேன், மருவாதிக்கு. இந்தத் தடவ ஒருத்தரும் போடமாட்டாங்கன்னு பட்டுச்சு. ஒண்ணுமே இல்லன்னா சந்துக்குள்ள எப்புடி நடக்குறதுன்னு பயந்துட்டேன். வெக்கக்கேடு. அவுங்க வந்து சொல்றப்ப, இல்லப்பா அது என்னுதுன்னு சொல்லாம, 'சந்தோசம்'னு கையப் புடிச்சேன் பாருங்க, அது அதுக்கு மேல வெக்கக்கேடு."



"அண்ணே" என்றார் செல்லக்கண்ணு. "நா மணியில..."

"தெரியும்ப்பா. குழி இருக்கு, பாத்து ஓட்டு."

சந்து முனை வந்தது. அங்கிருந்து கடைசி வீடு வரை பலகை போல் சமதரை. மழைத் தண்ணீர்கூட எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நிற்கும். ராமாயி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உதயசூரியன் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார்.

செல்லக்கண்ணு பிரேக்கைப் பிடித்தார். தொப்பியைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். காலைத் தூக்கி, இறங்கினார்.

"என்னப்பா, சங்கிலி கழண்டுடுச்சா? யாபாதே, பரவால்ல, நான் எறங்கிக்கிறேன்" என்றார் கார்த்திகேசன்.

"ஒக்காருங்கண்ணே."

ஹேண்டில்பாரை ஒரு கையில் பிடித்து, மறுகையைப் பின் சீட்டின் முதுகில் வைத்து, அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ராமாயி கீரையை விட்டு எழுந்து நின்றாள். தன் வீட்டு வாசல் வந்தபோதும் செல்லக்கண்ணு திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்திருந்த அந்தச் சந்தில், கடைசி வீடு வரைக்கும் நடந்தே வந்தார்.